வெள்ளவத்தையிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 645 கிலோமீற்றர். இதைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூட அட்லஸ் ஒன்று போதும். கட்டுநாயக்க வட அகலக்கோடு 7.2 பாகையில் இருக்கிறது. மீனம்பாக்கம் 13 பாகையில். நெடுங்கோட்டில் இரண்டுக்கும் அதிக வேறுபாடில்லை. ஒன்று 80 பாகைக்குச் சற்று மேற்கே, மற்றது சற்றுக் கிழக்கே. ஆகவே ஒன்றிலிருந்து மற்றதற்குப் போவது ஏறக்குறைய நேர் வடக்கே போவதுதான். ஒரு பாகை அகலக்கோட்டுக்கு 60 கடல் மைல். 5.8 பாகையை 60 ஆல் பெருக்கினால் 348 கடல் மைல். ஒரு கடல் மைல் 1,852 மீற்றர் என்பதால் விடை 645 கிலோமீற்றருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இரு நகரங்களும் ஒரே நெடுங்கோட்டை ஒட்டி இருப்பதால்தான் கணக்கு இவ்வளவு சுலபமாகிறது.

எல்லாப் பயணத்துக்கும் இப்படி வாய்ப்பதில்லை. வெள்ளவத்தைக் குடும்பங்கள் அதிகம் விசாரிக்கும் மற்ற இரண்டு ஊர்கள் லண்டனும் ரொறன்ரோவும். கொழும்பிலிருந்து லண்டன் சுமார் 8,700 கிலோமீற்றர். ரொறன்ரோ சுமார் 14,000. சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் ரொறன்ரோவுக்குக் கோடு கிழிப்பவர் அரபிக்கடல், ஆபிரிக்கா, அத்லாந்திக் என்று மேற்கே கிழித்துக்கொண்டு போவார். கோளத்தின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் கதை வேறு. நூல் கொழும்பிலிருந்து வடக்கு வடமேற்காகக் கிளம்பி, இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து, ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே ஏறி, பின்பு கனடாவுக்குள் இறங்கும். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய பாதை, அதன் மையத்தைச் சுற்றிய பெருவட்டத்தின் ஒரு துண்டுதான். தூரத்தைக் கணித்துத் தரும் நிரல்கள் எல்லாம் அந்தத் துண்டின் நீளத்தைத்தான் சொல்கின்றன.

இதிலிருந்து எதிர்பாராத ஒரு விடயம் தெரியவரும். டுபாயில் இறங்கி விமானம் மாறுவதைச் சுற்றுவழி என்று பலர் அலுத்துக்கொள்வதுண்டு. கொழும்பு–டுபாய் சுமார் 3,290 கிலோமீற்றர். டுபாய்–ரொறன்ரோ சுமார் 11,080. கூட்டினால் 14,370. நேர்ப்பாதையை விட 400 கிலோமீற்றர்கூட அதிகமில்லை. பெரிய விமானத்துக்கு அது அரை மணித்தியாலத்துக்குள் முடிகிற வேலை. பயணி இழப்பது டுபாய் முனையத்தின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மணித்தியாலங்களை. தூரம் பாதையிலே கூடவில்லை, நேரம் மட்டும் இடைத்தங்கலில் கூடுகிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் சென்னைப் பயணத்தின் கணக்கும் விளங்கிவிடும்.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். எயார்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு சுமார் 830 கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும். அப்படியானால் கொழும்பு–சென்னை 47 நிமிடம். கால அட்டவணையோ 1 மணி 20 நிமிடம், 1 மணி 30 நிமிடம் என்று போட்டிருக்கும். மிச்சமுள்ள அரை மணித்தியாலத்துக்கும் மேற்பட்ட நேரம் எங்கே போகிறது?

அட்டவணை நேரம் என்பது சக்கரத்தின் கட்டையை எடுப்பதிலிருந்து மறுமுனையில் கட்டை வைப்பது வரையான நேரம். விமானத்தைப் பின்னால் தள்ளி, இயந்திரத்தை முடுக்கி, ஓடுபாதையின் முனை வரை உருட்டிச் செல்லவே பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். கட்டுநாயக்க ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கிறது. விமானம் எதிர்காற்றில்தான் கிளம்ப வேண்டும் என்பதால், தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சென்னை விமானம்கூட முதலில் போக வேண்டிய திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தென்மேற்கே எழும்பி, பின்பு வளைந்து வடக்கைப் பிடிக்கும். முப்பத்தைந்தாயிரம் அடி ஏற இருபது நிமிடம் அளவில் செல்லும். ஏறும்போது முழு வேகம் கிடையாது. இறங்குவதற்கு விமானிகள் மனக்கணக்காக ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: உயரத்தின் ஆயிரங்களை மூன்றால் பெருக்கினால், இறங்கத் தொடங்க வேண்டிய கடல் மைல் வரும். 35,000 அடிக்கு 105 கடல் மைல். ஏறுவதற்கும் ஏறக்குறைய அதே அளவு. ஆக 348 கடல் மைலில் இருநூறுக்கும் மேல் ஏறி இறங்குவதிலேயே கரைந்துவிடுகிறது. முழு வேகத்தில் சமமாகப் பறப்பது இருபது நிமிடம்கூட இல்லை. விமானப் பணியாளர்கள் சாண்ட்விச் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பயணி அதைப் பிரித்து முடிப்பதற்குள் குப்பை சேகரிக்க வந்து நிற்பதன் காரணம் இதுதான்.

சென்னையில் இன்னொரு திருப்பம். மீனம்பாக்கத்தின் பிரதான ஓடுபாதை கிழக்கு–மேற்காகச் சற்றுச் சரிந்து கிடக்கிறது. தெற்கிலிருந்து வரும் விமானம் அதில் நேராக இறங்க முடியாது. காற்று எந்தப் பக்கமோ அதற்கேற்ப நகரத்தின் மேற்குப்புறம் சுற்றியோ கடற்புறம் சுற்றியோ வரிசையில் சேர வேண்டும். வரிசை நீண்டிருந்தால் வானத்திலேயே வட்டமடிக்க வைப்பார்கள். இவற்றையெல்லாம் எண்ணி நிறுவனங்கள் அட்டவணையில் சில நிமிடங்களைக் கூட்டியே போட்டுவைக்கும். சில நாட்களில் கால் மணித்தியாலம் முந்திப் போய் இறங்கும் விமானம் வேகமாகப் பறந்திருக்க வேண்டியதில்லை. அட்டவணையின் தாராளம் அது.

காற்றின் பங்கு இந்தப் பாதையில் சிறிது. வடக்கு–தெற்காகப் பறக்கும் விமானத்துக்கு மேற்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ வரும் காற்று பக்கவாட்டில்தான் படும். லண்டன் பாதையில் அப்படியல்ல. வட அகலக்கோடுகளில் உயரத்திலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பலத்த காற்று, லண்டனுக்குப் போகும் விமானத்தை எதிர்த்தும், திரும்பி வரும் விமானத்தை முதுகில் தள்ளியும் விடுகிறது. போக ஏறத்தாழ பதினொரு மணித்தியாலம் எடுக்கும் அதே விமானம், வரும்போது அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் வரை குறைவாக எடுப்பது இதனால்தான். போர் நடக்கும் நாடுகளின் வான்பரப்பு மூடப்படும்போது பெருவட்டப் பாதை உடைந்து, சுற்று கூடும். அந்த நாளில் தூரக் கணிப்பு நிரல் சொல்லும் எண்ணுக்கும் விமானம் உண்மையில் பறந்த தூரத்துக்கும் தொடர்பே இருக்காது.

அட்டவணையை வாசிப்பதில் கடிகாரமும் ஏமாற்றும். இன்று கொழும்புக்கும் சென்னைக்கும் ஒரே நேரம். ஆனால் பத்தாண்டு காலம் அப்படி இருக்கவில்லை. 1996 மே மாதத்தில், நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது, மின்சாரத்தைச் சேமிக்க இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரம் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் கொழும்பு சென்னையை விட அரை மணித்தியாலம் முந்தியிருந்தது. கொழும்பில் காலை 8.00 மணிக்குக் கிளம்பி ஒரு மணி இருபது நிமிடம் பறந்த விமானம் சென்னைக் கடிகாரத்தில் 8.50க்கே இறங்கிவிடும், அதே விமானம் திரும்பி வரும்போது ஒரு மணி ஐம்பது நிமிடம் எடுத்ததாக அட்டவணை காட்டும். அக்காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் புதிய நேரத்தை ஏற்காமல் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். ஆகவே 2002க்குப் பின் ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போனவர்கள் அந்தப் பகுதி தொடங்கும் ஓமந்தையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்னே திருப்பி, அது முடியும் முகமாலையைத் தாண்டியதும் மறுபடி முன்னே திருப்ப வேண்டியிருந்தது. ஒரே தீவுக்குள், ஒரே பஸ் பயணத்தில், இரண்டு நேர வலயங்கள்.

வானத்தில் செலவாகும் நேரத்தின் கணக்கு இவ்வளவுதான். இதில் மர்மம் எதுவும் இல்லை. வெள்ளவத்தையில் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு இறங்குபவரின் நேரம் வேறு இடத்தில் போகிறது. ஹம்டன் ஒழுங்கையிலிருந்தோ ராமகிருஷ்ணா வீதியிலிருந்தோ கட்டுநாயக்கவுக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அதில் பேலியகொடையிலிருந்து விமான நிலையம் வரை 25.8 கிலோமீற்றர் அதிவேக வீதி. 2013 ஒக்டோபரில் அது திறக்கப்பட்ட பின் அந்தத் துண்டுக்கு இருபது இருபத்தைந்து நிமிடம் போதும். அதற்கு முன் நீர்கொழும்பு வீதியில், வத்தளை, ஜா-எல என்று ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்று போன காலம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் மிச்சமுள்ள பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீற்றர் நகரத்துக்குள். காலி வீதியில் போனாலும் மரைன் டிரைவில் போனாலும், கொள்ளுப்பிட்டி, கோட்டை தாண்டிக் களனி ஆற்றை எட்ட முக்கால் மணித்தியாலம் ஆகும். அலுவலக நேரமென்றால் இன்னும் கூடும். கொட்டாஞ்சேனையில் இருப்பவருக்கு இந்தத் தொல்லை பாதிக்கும் குறைவு. அங்கிருந்து களனிப் பாலம் எட்டிப்பிடிக்கும் தூரம். 2021 நவம்பரில் புதிய பாலம் திறந்த பின் இன்னும் சுலபம். வெள்ளவத்தைக்காரர் கொழும்பு நகரத்துக்குள்ளேயே செலவழிக்கும் நேரத்தில் கொட்டாஞ்சேனைக்காரர் விமான நிலைய வாசலில் பெட்டியை இறக்கிவிடுவார்.

பின்பு, மூன்று மணித்தியாலத்துக்கு முன் வரச் சொல்லும் கட்டளை. வாசலில் ஒரு சோதனை, பொதி நிறுக்கும் வரிசை, குடிவரவு குடியகல்வு வரிசை, ஏறும் வாசலில் மறுபடி ஒரு சோதனை. 2001 ஜூலை 24 அன்று கட்டுநாயக்க தாக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதல் உலகம் முழுவதும் விமான நிலையச் சோதனைகளை இறுக்க வைத்தது. காவலைக் குறைகூற முடியாது. ஆனால் 80 நிமிடப் பயணத்துக்கும் பதினான்கு மணித்தியாலப் பயணத்துக்கும் ஒரே அளவு காத்திருப்பு என்பது குறுந்தூரப் பயணியின் மேல் ஏற்றப்படும் கனத்த வரி. சென்னையில் இறங்கியபின் குடிவரவு, பொதிக்காகக் காத்திருப்பு, வெளியே வந்து தி.நகர் போய்ச் சேருவது என்று இன்னும் ஒன்றரை மணித்தியாலம்.

கூட்டிப் பார்க்கலாம். கட்டுநாயக்கவுக்கு ஒன்றேகால் மணி, நிலையத்தில் மூன்று மணி, விமானத்தில் ஒரு மணி இருபத்தைந்து நிமிடம், சென்னையில் ஒன்றரை மணி. மொத்தம் ஏழு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அதில் விமானம் சமமாக, முழு வேகத்தில் பறப்பது அந்த இருபது நிமிடத்துக்கும் குறைவான நேரம்தான்.

இந்த ஏழு மணித்தியாலத்தை இன்னொரு பயணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இரவானால் வெள்ளவத்தையில் காலி வீதி ஓரமாக யாழ்ப்பாணத்துச் சொகுசு பஸ்கள் வந்து நிற்கும். பார்சல் பெட்டிகளை அடியில் தள்ளி, மருந்துப் பையையும் பிள்ளைகளின் உடுப்பையும் மடியில் வைத்துக்கொண்டு ஆட்கள் ஏறுவார்கள். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் சுமார் 310 கிலோமீற்றர். வீதியால் 400 அளவில். பஸ்ஸுக்கு எட்டு, ஒன்பது மணித்தியாலம். கோட்டையிலிருந்து நகர்சேர் கடுகதி ரயிலில் போனால் ஆறரை, ஏழு. வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போவதையும் யாழ்ப்பாணத்தில் இறங்கிப் போவதையும் சேர்த்தால் எட்டு. அதாவது வெள்ளவத்தைக்குச் சென்னை 680 கிலோமீற்றர், யாழ்ப்பாணம் 310 கிலோமீற்றர். இரண்டும் நேரத்தில் ஏறக்குறைய ஒரே தூரம். வெளிநாட்டுக்குப் போவதற்கும் ஊருக்குப் போவதற்கும் ஒரே பகல், அல்லது ஒரே இரவு.

யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தாலும் இதே விசித்திரம் வேறு வடிவில் இருக்கிறது. பலாலியிலிருந்து சென்னை 355 கிலோமீற்றர். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்குள்ள தூரத்தில் பாதிக்குச் சற்றே மேல். ஆனால் அட்டவணையில் அதுவும் ஒரு மணி பதினைந்து, இருபது நிமிடம்தான். காரணம் விமானம். பலாலிக்கு வருவது ஏடிஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம்; அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவு. உருட்டுவதற்கும் ஏறி இறங்குவதற்கும் சென்னையில் வரிசையில் சேர்வதற்கும் ஆகும் நிமிடங்கள் தூரம் பாதியானாலும் பாதியாகாது. குறுந்தூரப் பறப்பின் பொதுவான விதி இது: தூரம் குறையக் குறைய, நேரத்தைத் தீர்மானிப்பதில் தூரத்தின் பங்கும் குறைந்துகொண்டே போகும். 2025 மார்ச் இறுதியில் தொடங்கிய பலாலி–திருச்சி சேவையில் தூரம் 185 கிலோமீற்றர்கூட இல்லை. கொழும்பிலிருந்து திருச்சிக்குள்ள தூரத்தில் அது பாதிக்கும் குறைவு. நேரம் அப்படிப் பாதியாவதில்லை.

பலாலி–சென்னைப் பாதை புதிதல்ல. கொழும்பின் பழைய விமான நிலையமான இரத்மலானையில் முதல் விமானம் இறங்கியது 1935 நவம்பர் 27 அன்று. அது சென்னைப் பறப்போர் கழகத்தின் சிறு விமானம். 1938 பெப்ரவரியில் டாட்டா நிறுவனத்தின் தபால் விமானம் அங்கே வந்தது. 1947 டிசெம்பர் 10 அன்று எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது சேவை, ‘சீதாதேவி’ என்று பெயரிட்ட டக்கோட்டா விமானத்தில், இரத்மலானையிலிருந்து பலாலியைத் தொட்டுச் சென்னை போனது. சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்த நாள் அது. டக்கோட்டாவின் வேகம் மணிக்கு சுமார் 270 கிலோமீற்றர். இரத்மலானை–பலாலி 330, பலாலி–சென்னை 355. வானத்தில் மட்டும் இரண்டரை மணித்தியாலம், பலாலியில் நிற்பது வேறு. இன்றைய ஜெட் விமானம் இதில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் இரத்மலானை வெள்ளவத்தையிலிருந்து ஆறு கிலோமீற்றருக்குள். தெஹிவளை, கல்கிசை தாண்டினால் விமான நிலையம். 1960களின் பிற்பகுதியில் சர்வதேசச் சேவைகள் கட்டுநாயக்கவுக்குப் போன பின், வானத்தில் மிச்சமான நேரத்தை வெள்ளவத்தைக்காரர் தரையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்தக் காலத்தில் விமானத்துக்குப் போட்டி போட் மெயில். 1914 பெப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தபோது தொடங்கிய ஏற்பாடு அது. சென்னை எழும்பூரில் மாலையில் ஏறினால் மறுநாள் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயில், அடுத்த நாள் காலை கொழும்புக் கோட்டை. இரண்டு இரவுகள். 1964 டிசெம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. இராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980களில் போரோடு நின்றது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல் முப்பது கிலோமீற்றர் சொச்சம்தான். இரு நாடுகளுக்கு இடையே உள்ள அந்த மிகக் குறுகிய வழியை இன்று பயணிகள் எவராலும் கடக்க முடியாது. மாறாகக் காங்கேசன்துறை–நாகபட்டினம் கப்பல், 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஓகஸ்ட்டில் மறுபடி தொடங்கி, சுமார் 110 கிலோமீற்றரை நான்கு மணித்தியாலத்தில் கடக்கிறது.

போர்க்காலத்தில் தூரம் என்ற சொல்லே பொருளிழந்தது. 1990இல் ஏ9 மூடப்பட்டது. யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் போவது நின்றது. 1990களின் பின்பாதியில் வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போக இரத்மலானை–பலாலி விமானமும் திருகோணமலைக் கப்பலும்தான் மிஞ்சின. பறப்பு நேரம் ஒரு மணித்தியாலத்தைச் சுற்றி. ஆனால் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்குக் காத்திருக்கும் நாட்கள், இரத்மலானையில் பொதியைக் கொட்டிச் சோதிக்கும் மணித்தியாலங்கள், உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்த பலாலியிலிருந்து பஸ்ஸில் நகருக்குக் கொண்டுபோய் விடும் நேரம் என்று ஒரு முழு நாள் போய்விடும். 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் அன்ரனோவ் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே காணாமற்போனது. அதில் இருந்த 55 பேரில் எவரும் பிழைக்கவில்லை. அதன் பின் சில காலம் விமானமும் நின்றது. 310 கிலோமீற்றரைக் கடக்க வழியே இல்லாத நாட்கள் அவை. அந்த நாட்களில் லண்டனுக்குப் போவது ஊருக்குப் போவதை விடச் சுலபம் என்று வெள்ளவத்தையில் சொல்லிக்கொண்டார்கள். கணக்குப்படி அது உண்மைதான்.

இவற்றையெல்லாம் வரிசையாகப் பார்த்தால், கொழும்புத் தமிழரின் பயண நேரத்தை விமானங்களின் வேகம் நிர்ணயித்ததாகத் தெரியவில்லை. எந்த விமான நிலையம் திறந்திருக்கிறது, எந்த வீதி மூடப்பட்டிருக்கிறது, எத்தனை வரிசைகளில் நிற்க வேண்டியிருக்கிறது என்ற தரைத் தீர்மானங்களே அதை நீட்டியும் சுருக்கியும் இருக்கின்றன. 2014 ஒக்டோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்ததும், 2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டதும் அத்தகைய தீர்மானங்கள். அலையன்ஸ் எயார் அந்த ஆண்டு நவம்பரில் சென்னைச் சேவையைத் தொடங்கியது; 2020 மார்ச்சில் கொரோனாவோடு நின்றது; 2022 டிசெம்பரில் மீண்டது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை போக முதலில் கொழும்புக்குத் தெற்கே ஓர் இரவு பஸ்ஸில் வந்து, பின்பு ஊரின் தலைக்கு மேலாக வடக்கே பறந்த அபத்தம் அதோடு முடிந்தது.

வெள்ளவத்தைக்கு அப்படி ஒரு முடிவு இன்னும் வரவில்லை. கைக்கெட்டிய இடத்தில் இரத்மலானை இருந்தும் வரவில்லை. 2022 மார்ச்சில் மாலைதீவிலிருந்து ஒரு விமானம் வந்து இறங்கியதோடு, அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட இடைவெளிக்குப் பின் அது மறுபடி சர்வதேச விமான நிலையமானது. ஓடுபாதை 1,800 மீற்றருக்குச் சற்று மேல். ஏ320க்கு அது நெருக்கடி. ஏடிஆர் 72க்குத் தாராளம். பலாலிக்கு வரும் அதே வகை விமானம் இரத்மலானைக்கும் வரலாம். இரத்மலானை–திருச்சி சுமார் 455 கிலோமீற்றர், ஏடிஆர் விமானத்துக்கு ஒரு மணி இருபது நிமிடத்தை ஒட்டிய பயணம். ஜெட்டை விட விமானம் மெதுவாகப் போகும்; ஆனால் நகரத்தைக் குறுக்கே கடக்கும் முக்கால் மணியும், பெரிய முனையத்தின் வரிசைகளில் ஒரு மணித்தியாலமும் மிஞ்சும். சிறிய முனையத்தில் எழுபது பேரைச் சோதிக்க மூன்று மணித்தியாலம் தேவையில்லை. உள்நாட்டுப் பயணத்தில் இலாபம் இன்னும் பெரிது. இரத்மலானை–பலாலி ஒரு மணித்தியாலம், இரு முனையிலும் ஒவ்வொரு மணித்தியாலம் என்று வைத்தால், எட்டு மணித்தியால யாழ்ப்பாணம் மூன்றாகச் சுருங்கும். போர் முடிந்த பின் இச்சேவை பல தடவை தொடங்கி, பல தடவை ஓய்ந்திருக்கிறது; பயணிகள் நம்பித் திட்டமிடும் அளவுக்கு நிலைத்ததில்லை.

எதிர்வாதங்களும் வலுவானவை. இரத்மலானையைச் சுற்றி நகரம் நெருங்கிவிட்டது. ஓடுபாதையை நீட்ட ஒரு பக்கம் காலி வீதியும் மறுபக்கம் வீடுகளும் விடாது. அது விமானப்படையின் தளமும்கூட. ஒரு நாளைக்கு ஓரிரு விமானங்களுக்காகக் குடிவரவு, சுங்கம், தீயணைப்பு எல்லாவற்றையும் தனியாக வைத்திருப்பது செலவு. எல்லாவற்றையும் விட, எழுபதுக்குச் சற்று மேற்பட்ட ஆசனங்களில் பகிரும் எரிபொருளும் விமானியின் சம்பளமும், நூற்றெண்பது ஆசனங்களில் பகிர்வதை விட ஒவ்வொரு தலைக்கும் அதிகமாக விழும். காலி வீதியில் நாலு அடுக்கு மாடிக்குக் கீழே இருக்கும் பயண முகவர் கணினியில் தட்டிக் காட்டும்போது மலிவான டிக்கெட் கட்டுநாயக்கவிலிருந்துதான் வரும். அந்தத் திரையில் ‘1 ம. 25 நி.’ என்றுதான் இருக்கும். வீட்டு வாசலிலிருந்து தொடங்கும் ஏழு மணித்தியாலத்துக்கு அதில் கட்டம் கிடையாது. கட்டுநாயக்கவுக்குப் பிடிக்கும் வானின் வாடகையை டிக்கெட் விலையோடு கூட்டி, தரையில் போகும் மணித்தியாலங்களையும் ஒரு விலையாகப் போட்டுப் பார்த்தால்தான் இரு நிலையங்களையும் ஒப்பிட முடியும். சேவை தொடங்குவதா இல்லையா என்று முடிவெடுக்கும் நிறுவனங்களும் அமைச்சும் அந்தக் கணக்கைப் போடாத வரை, பெரிய விமானமும் தூரத்து ஓடுபாதையும்தான் ஒவ்வொரு தடவையும் மலிவாகத் தெரியும்.